பிறந்தநாள் விளையாட்டு படுத்துவிட்டதா? அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழிமுறை

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் எந்த வீட்டுக் குழந்தைக்குப் பிறந்தநாள் வந்தாலும் கேக்கை ஒருவர், சிற்றுண்டியை இன்னொருவர் என்று பிரித்துக்கொண்டு, விளையாட்டுப் பகுதியை என் தலையில் கட்டிவிடுவது பதினொரு ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. இத்தனை முறை நடத்தியதில் புதிய கோளாறு என்று எதையும் நான் அதிகம் பார்த்ததில்லை. அதே ஏழெட்டுக் கோளாறுகள்தாம் வீடு மாறி வீடு வருகின்றன. அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதி வைக்கிறேன்.

பத்துக்குப் பதினான்கு அடிக் கூடம், நான்கு முதல் பதினொரு வயது வரையிலான பத்துப் பதினைந்து குழந்தைகள், ஒன்றரை மணி நேரம், பரிசுகள் நீங்கலாக முந்நூறு ரூபாய்க்குள் முடிகிற பொருள்கள் என்ற கணக்கில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு அறிகுறிக்கும் கீழே முதலில் சொல்லியிருப்பது செலவில்லாத காரணம். அதைச் சோதித்துப் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும்.

## அறிகுறி: குழந்தைகள் வந்துவிட்டார்கள், ஆட்டம் தொடங்கவில்லை

### பாதிப் பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால்

ஐந்து மணிக்கு அழைத்தால் ஐந்தே முக்காலுக்கு வருவது நம் ஊர் வழக்கம் என்பதால், எண்ணிக்கை நிறைந்தால்தான் ஆட முடியும் என்கிற ஆட்டத்தை முதலில் வைக்கக் கூடாது. மூடியுள்ள கண்ணாடிப் புட்டி ஒன்றில் கொண்டைக்கடலையை முன்கூட்டியே எண்ணிப் போட்டு, வாசலருகே ஒரு நோட்டும் பென்சிலும் வைத்துவிடுங்கள். வருகிற ஒவ்வொரு குழந்தையும் எத்தனை இருக்கும் என்று ஊகித்துப் பெயருடன் எழுதட்டும். எழுதத் தெரியாத குழந்தைக்கு அம்மா எழுதலாம். எண்ணிய தொகையை வேறொரு தாளில் குறித்து வையுங்கள். நான் ஒரு முறை குறிக்க மறந்து, கேக் வெட்டும் நேரத்தில் சமையலறையில் உட்கார்ந்து மறுபடி எண்ணியிருக்கிறேன்.

### வந்தவர்கள் அம்மாவின் முந்தானையை விடவில்லை என்றால்

"வா, விளையாடு" என்று அழைக்காதீர்கள். ஒரு வேலை கொடுங்கள். பென்சில் விநியோகிக்க, பலூன் கூடையைப் பிடித்துக்கொள்ள, சீட்டு மடிக்க என்று எதையாவது கையில் கொடுத்தால், கூச்சமுள்ள குழந்தையும் ஐந்து நிமிடத்தில் கூட்டத்துக்குள் வந்துவிடும். அப்படியும் வராத குழந்தையை விட்டுவிடலாம். அது ஓரத்தில் நின்று பார்ப்பதும் கலந்துகொள்வதுதான், அதன் பெற்றோர் வேறு மாதிரி நினைத்தாலும்.

### எல்லாரும் இருக்கிறார்கள், ஆனால் விழிக்கிறார்கள் என்றால்

விதி நீளமாக இருக்கிறது. சோதனை எளிது: விதியைச் சொல்லி முடித்ததும் இருப்பவர்களில் சின்னக் குழந்தையிடம், "நீ என்ன செய்யப் போகிறாய்?" என்று கேளுங்கள். அதனால் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியவில்லை என்றால் அந்த ஆட்டத்துக்கு ஒரு வெள்ளோட்டச் சுற்று தேவை. அந்தச் சுற்றில் யாரும் அவுட் இல்லை, யாருக்கும் பரிசும் இல்லை என்பதை உரக்கச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

## அறிகுறி: தொடங்கிய பத்து நிமிடத்தில் பாதிப் பேர் சோபாவில் உட்கார்ந்துவிட்டார்கள்

நான் சரிசெய்யப் போகும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இதுதான். குழந்தைகளுக்குப் பொறுமை இல்லை என்றும், கைப்பேசி கெடுத்துவிட்டது என்றும் பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். சோபாவில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும், "நான் அவுட், ஆன்ட்டி" என்றுதான் பதில் வரும். அவர்களாக விலகவில்லை, ஆட்டம்தான் அவர்களை வெளியே அனுப்பியிருக்கிறது.

### அவுட் ஆனவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால்

மியூசிக்கல் சேரையே எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு குழந்தைகள், சுற்றுக்கு ஒரு நாற்காலி குறைப்பு என்றால் பதினொரு சுற்று. பாட்டு ஓடும் நேரம், உட்காரும் தள்ளுமுள்ளு, நாற்காலியை நகர்த்தி வைப்பது எல்லாம் சேர்த்துச் சுற்றுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும். முதல் சுற்றில் அவுட் ஆன குழந்தை, அதுவும் பெரும்பாலும் இருப்பவர்களிலேயே சிறியது, பத்து நிமிடத்துக்கு மேல் சும்மா இருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில்தான் பலூன் அலங்காரத்தில் கை வைக்கிறது, கேக்கின் ஓரத்தில் விரல் படுகிறது, உள் அறைக் கதவு தாழிடப்படுகிறது.

செலவில்லாத திருத்தம், சுற்றுக்கு மூன்று நாற்காலியாகக் குறைப்பது. பன்னிரண்டு பேருக்கு முதலில் ஒன்பது, பிறகு ஆறு, பிறகு மூன்று, கடைசியில் ஒன்று என்று நான்கே சுற்றில் ஆட்டம் முடிந்துவிடும். வேண்டுமானால் மறுபடி முதலிலிருந்து ஆடலாம். ஒரே ஆட்டத்தை இழுப்பதைவிடக் குட்டி ஆட்டமாக மூன்று முறை ஆடுவது எப்போதும் மேல்.

அடுத்தது, அவுட் ஆனவருக்கு வேலை கொடுப்பது. முதலில் அவுட் ஆனவர் அடுத்த சுற்றுக்குப் பாட்டை நிறுத்துவார், இரண்டாமவர் நடுவர், மூன்றாமவர் நாற்காலி எடுப்பவர். பாட்டை நிறுத்தும் அதிகாரத்துக்காக வேண்டுமென்றே அவுட் ஆகிற குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது வழி, ஆளை எடுக்காமல் நாற்காலியை மட்டும் எடுப்பது. எல்லாரும் எப்படியாவது இருக்கிற நாற்காலிகளில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒருவர் தரையில் இருந்தாலும் எல்லாருக்கும் தோல்வி. பிளாஸ்டிக் நாற்காலியில் மூன்று பேர் ஏறினால் கால் விரியும் என்பதால் இதற்கு நாற்காலி வேண்டாம், தலையணைகளோ மடித்த போர்வைகளோ போதும்.

### முறை வரக் காத்திருக்கிறார்கள் என்றால்

கரண்டியில் எலுமிச்சம்பழம் ஏந்தி ஒவ்வொருவராக நடப்பது, சுவரில் ஒட்டிய முகத்துக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு பொட்டு வைப்பது போன்ற ஆட்டங்களில் ஆடுபவர் ஒருவர், பார்ப்பவர்கள் பதினான்கு பேர். இரண்டு அணியாகப் பிரித்துத் தொடர் ஓட்டமாக்கிவிட்டால் காத்திருப்பு பாதியாகும், நிற்பவர்கள் கத்துவதற்கும் காரணம் கிடைக்கும். பொட்டு ஆட்டத்தில் இரண்டு முகங்களை வரைந்து இரண்டு சுவரில் ஒட்டுங்கள். ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டும் ஒரு பெரிய தாளும்தான் இதற்கு மொத்தச் செலவு.

### சின்னவர்கள் மட்டும் விலகிவிட்டார்கள் என்றால்

வயது இடைவெளிதான் காரணம். இதற்கு நம் தெருக்களில் எப்போதோ கண்டுபிடித்த மருந்து இருக்கிறது: நான்கு வயதுத் தம்பியை ஒப்புக்குச் சப்பாணியாக அறிவித்துவிடுவது. அவன் ஓடுவான், பிடிபடுவான், ஆனால் அவுட் ஆக மாட்டான். இதைப் பெரியவர்கள் சலுகையாகக் கெஞ்சிக் கேட்டால் எட்டு வயதுக்காரர்கள் முறைப்பார்கள். ஆட்டம் தொடங்குமுன் விதியாகச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை. ஆனால் அந்தத் தம்பியின் காதில் படாமல் சொல்லுங்கள், அவனுக்குத் தெரிந்தால் அதுவே தனி அழுகை.

### பெரியவர்கள் மட்டும் விலகிவிட்டார்கள் என்றால்

ஒன்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஓடுவதைவிட ஏமாற்றுவதும் கண்டுபிடிப்பதும்தான் பிடிக்கிறது. ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று எழுதிய சீட்டுகளைக் குலுக்கிப் போட்டுத் திருடனைக் கண்டுபிடிக்கும் ஆட்டத்தை ஓரத்தில் அவர்களே நடத்திக்கொள்வார்கள். எண்களைப் படிக்கத் தெரிந்த எல்லாரையும் ஒன்றாக உட்கார வைக்க வேண்டுமென்றால் தம்போலாவைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. சீட்டுக்கு மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து எண், 1 முதல் 90 வரை அழைப்பு, யாரும் கடைசி வரை அவுட் இல்லை. வரிசை முடிந்தது என்று ஒரு குழந்தை கத்தினால் சரிபார்ப்பதற்கு, அழைத்த எண்களை ஒரு தாளில் அடித்துக்கொண்டே வர வேண்டும்.

## அறிகுறி: சண்டை

### "அவன் ஏமாற்றுகிறான்" என்பது புகார் என்றால்

கோடு இல்லாததுதான் முதல் காரணம். "இங்கிருந்து அங்கே வரைக்கும்" என்று கையைக் காட்டினால் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொரு இங்கே. பளபளப்பான டைல்ஸ் தரையில் சாக்பீஸ் பதியாது. மின்கம்பிக்குச் சுற்றுகிற இன்சுலேஷன் டேப்பை ஒட்டிக் கோடு போடுங்கள், அன்றிரவே உரித்தும் விடுங்கள். இல்லையென்றால் பசை தரையிலேயே தங்கிவிடும்.

கண்கட்டு ஆட்டங்களில் காரணம் துணி. "ஆன்ட்டி, அவன் கீழ் வழியா பாக்குறான்" என்ற புகார் பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும், ஏனென்றால் மெல்லிய துப்பட்டாவில் எல்லாமே தெரியும், மூக்கின் இரு பக்கமும் இடைவெளி விடும். பருத்தித் துண்டை நான்காக மடித்துக் கட்டுங்கள். எத்தனை விரல் என்று கேட்பது பயனற்ற சோதனை. தெரிந்தாலும் தெரியாதது போல ஒரு எண்ணைச் சொல்வார்கள். நான் சத்தமில்லாமல் ஒரு சாக்லேட்டை முகத்துக்கு நேரே நீட்டுவேன். கை தானாக நீண்டால் கட்டு தளர்வு.

### பரிசுதான் சண்டைக்குக் காரணம் என்றால்

ஒரு பெரிய பரிசுக்குப் பதிலாக இருபது சின்னப் பரிசுகள் வாங்குங்கள். பென்சில், அழிப்பான், ஐந்து ரூபாய் மிட்டாய் என்று எதுவாக இருந்தாலும், எல்லாம் ஒரே மதிப்பில் இருக்கட்டும். நிறம் மாறினால்கூடச் சண்டை வரும் என்பதால் நான் ஒரே நிறத்தில் வாங்குகிறேன். பார்சல் கடத்தும் ஆட்டத்தில் கடைசிப் பொட்டலத்தில் மட்டும் பரிசு வைக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு தாள் மடிப்புக்குள்ளும் ஒரு மிட்டாயும் ஒரு சீட்டும் வையுங்கள். பாட்டு யார் கையில் நிற்க வேண்டும் என்பதை நடத்துபவர் பார்த்துக்கொண்டே நிறுத்தலாம். இந்த ஒரு மோசடியை நான் வெட்கமில்லாமல் செய்கிறேன்.

### பிறந்தநாள் குழந்தையே தோற்று அழுகிறது என்றால்

அன்றைக்கு அதற்குக் களைப்பும் கூட்டமும் அதிகம், தோல்வியைத் தாங்கும் வலு குறைவு. அதைப் போட்டியிலிருந்து எடுத்து, பாட்டை நிறுத்துபவராகவோ பரிசு கொடுப்பவராகவோ ஆக்கிவிடுங்கள். மற்ற குழந்தைகளைத் தோற்கச் சொல்லி ஜாடை காட்டுகிற தாத்தாக்களைத் தடுப்பதுதான் கடினம்.

## அறிகுறி: பொருள் ஒத்துழைக்கவில்லை

### பாட்டு தானாக நிற்கிறது என்றால்

ஒரு முறை மியூசிக்கல் சேரின் நான்காம் சுற்றில் யாரோ என் கைப்பேசிக்கு அழைத்ததால் பாட்டு நின்றது, எல்லாரும் உட்கார்ந்தார்கள், ஒரு சிறுமி அவுட். "ஆன்ட்டி நிறுத்தவே இல்லை, போன்தான் நிறுத்தியது" என்று அவள் தரப்பில் வழக்காடியவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டு, ப்ளூடூத்தை மட்டும் மறுபடி இயக்குங்கள். இணையத்திலிருந்து நேரடியாக ஓட விட்டால் இடையில் விளம்பரம் வரும். முன்னதாகவே பாடலைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் திடீரென வேறு எதையோ பாடினால், அந்த வீட்டில் அதோடு முன்பே இணைத்த இன்னொரு கைப்பேசி தானாக ஒட்டிக்கொண்டிருக்கும். இத்தனையும் பார்த்த பின்னும் சரியாகவில்லை என்றால் எவர்சில்வர் தட்டும் கரண்டியும் எடுங்கள். தட்டும்வரை ஓட்டம், நிறுத்தினால் உட்காரல். புது ஸ்பீக்கர் வாங்க வேண்டியதில்லை.

### பலூன்கள் காரணமில்லாமல் வெடிக்கின்றன என்றால்

முதலில் கழுத்தைப் பாருங்கள். பலூன் உருண்டையாக இல்லாமல் பேரிக்காய் போலக் கழுத்து வரை புடைத்திருந்தால் காற்று அதிகம். சிறிது விட்டுவிட்டு முடியுங்கள். அடுத்து, வெயில் விழும் பால்கனியிலிருந்து உள்ளே மாற்றுங்கள். சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரியும். மூன்றாவது காரணம் எனக்கே நெடுநாள் பிடிபடவில்லை: ஆரஞ்சு உரித்த கை. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலிலுள்ள எண்ணெய் ரப்பரைக் கரைக்கும். தோலைப் பிழிந்து ஒரு துளி தெறித்தாலே பலூன் வெடித்துவிடும். எலுமிச்சைக் கரண்டி ஆட்டத்துக்குப் பிறகு பலூன் ஆட்டம் வைத்தால் இடையில் கை கழுவச் செய்யுங்கள். பழக்கடை பாணியில் ஆரஞ்சுச் சுளை பரிமாறும் வீடுகளில் இது இன்னும் அவசியம்.

### எலுமிச்சை நிற்கவே மாட்டேன் என்றால்

பிளாஸ்டிக் கரண்டி வளைகிறது, அல்லது பழம் கரண்டியைவிடப் பெரியது. வீட்டுச் சாம்பார்க் கரண்டியும் சிறிய பழமும் எடுங்கள். கரண்டியை வாயில் கவ்விக்கொண்டு நடக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. ஓடும்போது விழுந்தால் காம்பு தொண்டையில் குத்தும் என்பதால் நான் அதை அனுமதிப்பதில்லை. கையில் பிடிக்கட்டும், மற்றக் கை முதுகுக்குப் பின்னால்.

## அறிகுறி: இடம் போதவில்லை, கீழ் வீட்டார் வந்துவிட்டார்கள்

டீப்பாயை அறைக்குள் தள்ளுங்கள், சாக்ஸைக் கழற்றச் சொல்லுங்கள், தரையில் செய்தித்தாள் விரித்து ஆடும் ஆட்டங்களை விட்டுவிடுங்கள். டைல்ஸ் மேல் தாள் சறுக்கும். இவ்வளவு செய்தும் மோதிக்கொண்டால் ஓட்டம் இல்லாத ஆட்டத்துக்கு மாறுங்கள். ஒரு தாம்பாளத்தில் சாவி, சீப்பு, தீப்பெட்டி, ஏலக்காய் என்று பன்னிரண்டு பொருள்களை வைத்து, அரை நிமிடம் காட்டி மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொல்லலாம். காகிதக் குவளைகளால் கோபுரம் கட்டலாம்.

மாடியோ முற்றமோ கிடைத்தால் கொலை கொலையா முந்திரிக்கா போதும். ஒரு கைக்குட்டையைத் தவிர எதுவும் வேண்டாம். உறியடியை வீட்டுக்குள் வைக்கவே கூடாது. மின்விசிறிக் கொக்கியில் பானை கட்டலாமா என்று கேட்டவர்கள் உண்டு. கண் கட்டிய குழந்தையின் கையில் கம்பு, எட்டடி தூரத்தில் தொலைக்காட்சி என்பதை மட்டும் யோசியுங்கள். வெளியில் வைத்தாலும் பார்ப்பவர்கள் கம்பின் நீளத்துக்கு இரண்டு மடங்கு தள்ளி நிற்க வேண்டும்.

சத்தத்தைப் பொறுத்தவரை, 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல்தான் வரம்பு. பதினைந்து குழந்தைகள் உள்ள கூடத்தில் முதல் எண்ணை ஸ்பீக்கர் இல்லாமலேயே தாண்டிவிடுவோம். ஆகவே குதிக்கிற ஆட்டங்களை ஏழு மணிக்குள் முடித்துவிட்டு, கீழ் வீட்டுக்கு முன்கூட்டியே ஒரு தட்டு இனிப்பு அனுப்புவது நடைமுறைத் தீர்வு.

## அறிகுறி: அடிபட்டது, அல்லது ஏதோ சரியில்லை

இங்கே மட்டும் எளிய காரணத்திலிருந்து தொடங்க வேண்டாம், ஆபத்தானதிலிருந்து தொடங்குங்கள்.

ஒரு குழந்தை திடீரென இரும முடியாமல், அழ முடியாமல், கழுத்தைப் பிடித்துக்கொண்டால் தொண்டை அடைத்திருக்கிறது. ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். இன்னொருவர் குழந்தையை முன்னால் குனிய வைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்ட வேண்டும், அப்போதும் வெளிவராவிட்டால் பின்னாலிருந்து அணைத்துத் தொப்புளுக்குச் சற்று மேலே உள்நோக்கி மேலாக ஐந்து முறை அழுத்த வேண்டும். அடைப்பு நீங்கும் வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவவும் கூடாது. ஊதாத பலூனும் வெடித்த பலூன் துண்டும் இதற்கு முக்கியக் காரணங்கள். எட்டு வயதுக்குட்பட்டவர்களிடம் ஊதாத பலூனைக் கொடுக்கவே வேண்டாம்.

தலையில் அடிபட்ட குழந்தை அழுது ஓய்ந்து மறுபடி விளையாடப் போனால் கவனித்துக்கொண்டிருந்தால் போதும். மயங்கினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நிலையான பல் பெயர்ந்து விழுந்தால் வேர்ப் பகுதியைத் தொடாமல் எடுத்து, தேய்க்காமல் பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் சேருங்கள்.

மெழுகுவத்தி எரியும்போது நுரை தெளிக்கும் ஸ்ப்ரேயை யாரும் கையில் எடுக்கக் கூடாது. அதைத் தள்ளும் வாயு எரியக்கூடியது. தெருவில் விற்கும் மிதக்கும் பலூன்களில் ஹைட்ரஜன் இருக்கலாம் என்பதால் ஹீலியம் என்று உறுதியாகாதவற்றைக் கேக் மேசைப் பக்கம் கட்டாதீர்கள்.

## எப்போது ஆளை அமர்த்துவது

குழந்தைகள் இருபத்தைந்தைத் தாண்டினால், அல்லது ஏழு எட்டுக் குழந்தைகளுக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கில் ஆள் கிடைக்காவிட்டால், விளையாட்டு நடத்துபவரை அமர்த்துவது நியாயமான செலவு. அவரிடம் கேட்க வேண்டியது மைக் உண்டா என்பதல்ல. அவுட் ஆன குழந்தைகளை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். "உட்கார்ந்து கை தட்டச் சொல்வோம்" என்றால் அந்தப் பணத்துக்கு இன்னும் இரண்டு கிலோ கேக் வாங்கலாம்.

## அறிகுறி: ஆட்டம் முடியவே மாட்டேன் என்கிறது

இது நல்ல கோளாறு. கடைசி ஆட்டமாகப் பலூன் கூட்டலை வையுங்கள். கூடம் முழுக்கப் பரவிய பலூன்களை இரண்டு அணிகளும் தங்கள் போர்வைக்குள் சேர்க்க வேண்டும். வெடிக்க விடாமல் சேர்த்தால் பலூனுக்கு ஒரு புள்ளி, வெடித்ததன் துண்டைக் கொண்டுவந்தால் இரண்டு புள்ளி. துண்டு பொறுக்குவது எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களின் வேலை என்று அறிவித்துவிடுங்கள். கூடம் தானாகச் சுத்தமாகிவிடும். எத்தனை பலூன் ஊதினோம் என்பதை மாலையிலேயே எண்ணி வைத்திருந்தால், இப்போது முழுப் பலூனையும் துண்டுகளையும் கூட்டிப் பார்க்கலாம். ஒன்று குறைந்தால் தவழும் குழந்தையைத் தரையில் இறக்காமல், முதலில் சோபாவுக்கு அடியில் பாருங்கள்.